மேப்பில் இல்லாத மச்சான் வீடு

இனி உயிர் இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமையில் மச்சான் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நம்மவர் முடிவு செய்துவிட்டார். முடிவு செய்தது குளியலறைக்குள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. சொந்த வீட்டில் அவருடைய பெரிய முடிவுகளெல்லாம் அங்கேதான் எடுக்கப்படும். வெளியே எடுத்தால் மனைவி காதில் விழுந்துவிடும்.

நம்மவருக்கு வேலை, தானாக ஓடும் காரை ஊர் ரோட்டில் சோதித்துப் பார்ப்பது. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆனால் தொடக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொண்டு, கார் தானே திரும்புவதையும் தானே நிற்பதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் பிடிக்கலாம். வீட்டில் இத்தனை வருஷமாக இலவசமாகச் செய்துவந்த வேலைக்கு வெளியில் சம்பளம் தருகிறார்களே என்று அவருக்கே ஆச்சரியம்தான்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் முதலில் திட்டும் பிறகு லைசென்ஸும் வாங்கியவர்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அவர் தொட்டுக்கொள்வது நம்மவரைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, இந்த வாரமும் சும்மாத்தான் உக்காந்திருந்தீங்களா?"

"சும்மா இல்ல மச்சான். கண்காணிப்பு."

"என் ஸ்கூல்ல ஸ்டியரிங்கை விட்டா தலையில குட்டுவேன். உங்க ஆபீஸ்ல சம்பளம் தர்றாங்க! கொடுத்து வச்சவரு."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. 'சும்மா டிரைவர்' என்று பெயரும் வைத்தாயிற்று. மச்சான் மகள் வாழ்க்கைப்பட்டுப் போன வீடு வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. நம்மவருக்கு நிஜமாகவே வலித்தது.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஒரு சலுகை கொடுத்தது. சோதனைக் காரை வீட்டுக்கே எடுத்துப் போகலாம், குடும்பத்தோடு சுற்றலாம். ஒரே நிபந்தனை: கம்பெனி மேப்பில் உள்ள தெருக்களில் மட்டும்தான் அது ஓடும். மச்சான் தெரு மேப்பில் இல்லை. நம்மவர் வீட்டுப் பழைய காரை அந்த வாரமே விற்றுத் தள்ளினார்.

"ஏங்க, நாளைக்கு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பணுமே?"

"அந்தத் தெரு மேப்புலயே இல்ல. வண்டி முனையிலயே நின்னுடும்."

"அங்கேருந்து நீங்க ஓட்டுங்க."

"தொட்டா வேலை போயிடும்."

"இறங்கி நடந்துடலாமே."

"நடுத்தெருவுல வண்டியைத் தனியா விடக் கூடாது. ரூல்."

"அப்ப அந்தத் தெருவை மேப்புல சேர்க்கச் சொல்லுங்க."

இங்கேதான் நம்மவர் வாய் கொஞ்சம் நீண்டது. "அது தெருவா? பள்ளத்துக்கு நடுவுல அங்கங்க ரோடு தெரியுது. நடு ரோட்டுல ஒரு நாய். ஹாரன் அடிச்சா நம்மளைத்தான் முறைக்குது. பந்து பின்னாடி பிள்ளைங்க ஓடுது, பிள்ளைங்க பின்னாடி அம்மாக்கள் ஓடறாங்க. ஒன்வேன்னு போர்டு, பைக் எல்லாம் எதிர்லதான் வருது. அங்க போனா இந்த வண்டிக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"அப்படியா?" என்றாள் மனைவி.

அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு, அந்த 'அப்படியா'வைக் கேட்டதும் நம்மவர் உஷாராகியிருக்க வேண்டும். அவரோ விசிலடித்தார்.

சில ஞாயிறுகள் சுகமாகக் கழிந்தன, அவருக்கு. அவளுக்கு இல்லை. அவளைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவர். தனியாகப் போய் நின்றால், "மாப்பிள்ளை எங்கே?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது? அவள் முகம் வாடித்தான் போயிற்று.

சோதனைக் காரில் போகும் குடும்பத்தாரிடம் சீஃப் இன்ஜினியரே போன் செய்து கருத்துக் கேட்பது அந்தக் கம்பெனி வழக்கம். போன் வந்தபோது நம்மவர் குளியலறையில் இருந்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது உள்ளேயும் கேட்டது.

"வண்டி எப்படி இருக்கு மேடம்?"

"சொகுசா இருக்கு சார். ஆனா நல்ல ரோட்டுலயேதான் போகுது. நல்ல ரோட்டுல எங்கண்ணன்கிட்ட நேத்துச் சேர்ந்தவங்களே ஓட்டிடுவாங்களே."

"வேற எந்த மாதிரி ரோட்டுல போகணும் மேடம்?"

"எங்க வீட்டுக்காரர் ஒரு தெருவைப் பத்தியே பேசிட்டிருக்கார் சார். பள்ளம், முறைக்கிற நாய், பந்து, எதிர்ல வர்ற பைக், எல்லாம் ஒரே தெருவுல."

"ஒரே தெருவுலயா!" இன்ஜினியர் கூவியேவிட்டார். "மேடம், இங்க பொம்மை நாயைக் கயிறு கட்டி இழுத்து டெஸ்ட் பண்ணிட்டிருக்கோம். இப்படி ஒரு தெரு இருக்குன்னு அவர் ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லக் கூச்சம் சார். அங்க ஓட்டணும்னு அவருக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு ஆசை."

நம்மவர் சோப்பு நுரையோடு தாழ்ப்பாளைத் தேடுவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

தெரு மேப்பில் ஏறியது. நம்மவருக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே தெருவில் டியூட்டி. சார்ஜ் போடுவதும் ராத்திரி வண்டி நிற்பதும் அங்கேயே, மச்சான் வீட்டை ஒட்டிய டிரைவிங் ஸ்கூல் வாசலில். மத்தியானச் சாப்பாடு மச்சான் வீட்டில், 'சும்மா டிரைவர்' என்ற அழைப்போடு தினமும். போகப் போக அந்த நாய்கூட எழுந்து வழிவிடப் பழகிவிட்டது. மச்சான் பழகவில்லை.

ஒரு நாள் நம்மவர் அழாத குறையாகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை மட்டுமாவது என்னை வீட்டுல விட்டுடும்மா."

"பாவம், வாரம் பூரா அங்கதானே இருக்கீங்க. தாராளமா வீட்டுல இருங்க" என்றாள் அவள் உடனே. நம்மவர் உருகிப்போனார். இப்படி ஒரு மனைவியையா ஏமாற்றப் பார்த்தோம் என்று வெட்கப்பட்டார்.

ஞாயிறு மதியம் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது. கம்பெனி கார். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் மச்சான். சட்டைப் பையில் கம்பெனி அடையாள அட்டை. பின்னாலேயே அவர் குடும்பம் முழுசும்.

"ஞாயித்துக்கிழமை டியூட்டிக்கு ஆள் வேணும்னாங்க, தங்கச்சி என் பேரைச் சொல்லியிருக்கா!" என்றார் மச்சான். "நீங்க சொன்னது நிஜம்தான் மாப்பிள்ளை. கையை மடியிலதான் வச்சிருந்தேன். எங்க வாசல்ல கிளம்பி நேரா உங்க வாசல்ல வந்து நின்னுடுச்சு. வண்டியை நல்லாப் பழக்கியிருக்கீங்க!"

நம்மவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் மேஜையில் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் சமையல் தயாராக இருந்தது.

"வாரம் பூரா அவங்க வீட்டுல சாப்பிடறீங்க, பதிலுக்கு நாம கூப்பிட வேணாமா?" என்றாள். "அதான் ஞாயித்துக்கிழமை தவறாம வரச் சொல்லிட்டேன்."