வால் நட்சத்திரத்துக்கு யார் பேர்?

தன் பேரை வானத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்து நாலு வருஷம் ஆயிற்று. புதிய வால் நட்சத்திரத்தை யார் முதலில் பார்த்து வானியல் ஆய்வு மையத்துக்குத் தகவல் அனுப்புகிறாரோ, அவர் பேரையே அதற்கு வைப்பார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மொட்டை மாடியில் தொலைநோக்கி வந்தது. அந்த அறைக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் இடுப்பில் ஏறியது.

வராதது விழிப்பு ஒன்றுதான். சூரியனுக்கு முன்னால் எழுந்து படமெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எப்படியோ எழுந்துவிடுவார். மற்ற ஆறு நாளும் மனைவி கத்தினாலும் சரி, குக்கர் கத்தினாலும் சரி, போர்வைக்குள் அசைவே இருக்காது.

எடுத்த படங்களைப் பார்ப்பது அதைவிடத் தொல்லை. பத்து நிமிஷ இடைவெளியில் எடுத்த நாலு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது நகர்ந்திருக்கிறது என்று தேட வேண்டும். அந்த வேலையை மனைவியின் தலையில் கட்டிவிட்டார். "உனக்கும் பொழுது போகும்" என்று உபகாரம் செய்கிற மாதிரி வேறு சொன்னார்.

ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்தப் புள்ளி நகருது. சுத்தி லேசா புகை மாதிரி வேற இருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். நெஞ்சு தடதடத்தது. முகத்தை மட்டும் உம்மென்று வைத்துக்கொண்டார்.

"தூசி."

"தூசி நாலு படத்துலயும் ஒரே கோட்டுல போகுமா?"

"இது படிச்ச தூசி. போய் வேலையப் பாரு."

"சரிங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது இருபது வருஷத்தில் முதல் தடவை. மனுஷனுக்கு அது உறைக்கவே இல்லை.

திங்கட்கிழமை விடியுமுன் மாடியில் இருந்தார். செவ்வாயும் இருந்தார். அலாரம்கூட வைக்கவில்லை, பேராசையே எழுப்பிவிட்டது. பூனை மாதிரி படியேறி, படமெடுத்து, புள்ளி இருக்கும் இடத்தை அளந்து, தன் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டு ஆய்வு மையத்துக்கு அனுப்பினார். மனைவியைப் பற்றி மூச்சுவிடவில்லை. கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. காபி குடித்ததும் சரியாகிவிட்டது.

புதன்கிழமை பதில் வந்தது.

"தாங்கள் அளந்தது புதிய வால் நட்சத்திரமே. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கே தங்கள் முகவரியிலிருந்து இதைத் தெரிவித்த அம்மையாரின் பேர் அதற்குச் சூட்டப்படுகிறது. அடுத்த இரு நாட்களும் அளந்து அனுப்பி, அவருடைய கண்டுபிடிப்பை உறுதி செய்த தங்களுக்கு நன்றி."

சமையலறைக்கு ஓடினார்.

"ஒன்பதரைக்கே அனுப்பிட்டியா? அப்புறம் எதுக்குடி பத்து மணிக்கு என்கிட்ட காட்டின?"

"இன்னும் ரெண்டு நாள் படம் வந்தாத்தான் உறுதியாகும்னு மையத்துல உடனே சொன்னாங்க" என்றாள் தட்டைத் துடைத்தபடியே. "சாவி உங்ககிட்ட இருக்கே."

"கேட்டிருந்தா நானே படமெடுத்துக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நாலு வருஷமா எழுப்பிப் பாத்தாச்சுங்க. நல்லதுக்குன்னா நீங்க எழுந்திரிக்க மாட்டீங்க. திருடணும்னா தானா எழுந்துருவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"