2ஏ கடைசியில் வந்த பட்டியல்

நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை விதிப்படியே செய்யப்பட்டவை. (இனி என் ஓய்வூதியத்தில் யாரும் கைவைக்க முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

தொண்ணூறுகளின் கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். மாலையில் ஜாவா என்ற கணினி மொழி வகுப்பு. நாலு மாதத்தில் உலகத்தையே வரிசைப்படுத்திவிடலாம் என்ற மிதப்பு வந்துவிட்டது. அப்போது பட்டா விசாரணைக்கு நூற்று நாற்பது வீட்டுக்காரர்களை வீட்டு எண் வரிசையில் கூப்பிட வேண்டியிருந்தது. பியூன் சுகுமாரன் அரைமணி நேரத்தில் கையால் எழுதிவிடும் பட்டியலை, நான் மூன்று வாரம் உழைத்து ஜாவாவில் தயாரித்தேன்.

முதலில் 10 வந்து 2க்கு முன்னால் நின்றது. இயந்திரம் எண்ணையும் சொல்லாகப் பார்த்து, முதல் இலக்கத்திலேயே தீர்ப்பு சொல்லியிருந்தது. விடுவேனா? சொந்தமாக ஓர் ஒப்பீட்டு விதி எழுதினேன்: வெறும் எண்களை எண்ணாக ஒப்பிடு, எழுத்து கலந்ததைக் கடைசிக்குத் தள்ளு. 1, 2, 3 என்று அழகாக வந்தது. அதிகாரியின் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

எழுத்து கலந்தவை என்றால் பாகம் பிரிந்த வீடுகள். 2ஏ என் அக்கா வீடு. விதி எழுதியபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

விசாரணை நாளன்று ஒரு மணிக்கு காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு ஆபரேஷன். அக்கா பத்து மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"எலே மக்கா, என்னை எப்பம் விளிப்பாவ?"

"ரெண்டு கழிஞ்சா நீதான் அக்கா."

இரண்டு கழிந்தது. மூன்றை விளித்தார்கள். பிறகு நான்கை. சுகுமாரன் என் மேசைக்கு வந்தான்.

"சாரே, 2ஏ வீடு ரெண்டுக்க பக்கத்துல அல்லவா நிக்குது?"

"பட்டியல்ல அதிகாரிக்க ஒப்பு விழுந்தாச்சு. எனக்க அக்காவ இடையில ஏத்தினா நாட்டுக்காரன் என்ன சொல்லுவான்?"

பதினொன்றரைக்கு அக்கா எழுந்தாள். "நான் போறேன் மக்கா. அவிய தனியா கெடக்காவ."

மூன்று மணிக்கு 2ஏ வந்தது. மூன்று முறை விளித்தார்கள். 'ஆஜராகவில்லை' என்று என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

மறுபடி மனு, மறுபடி அளவு, மறுபடி விசாரணை. பட்டா வர இரண்டு வருடமாயிற்று. ஆபரேஷனில் பிழைத்த அத்தான் அதற்கு ஒரு மாதம் முன்னால் போய்விட்டார். வரும்போதெல்லாம், "எனக்க பேருல ஒரு துண்டு மண்ணு உண்டுன்னு எப்பம்டே காகிதம் தருவ?" என்று கேட்டவர்.

விதியைத் திருத்த மூன்று வரி போதும்: எண்ணைத் தனியே பிரித்து முதலில் ஒப்பிடு, சமமானால் எழுத்தைப் பார். அன்று மாலையே எழுதிவிட்டேன். பிழையில்லாமல் ஓடியது. பார்க்கத்தான் ஆளில்லை.

இப்போதும் கல்யாண வீட்டில் நான் பந்தியில் உட்கார்ந்தால் அக்கா மகள் விடமாட்டாள்: "மாமா, நீங்க இரிங்க. நாங்க எழுத்து உள்ள கூட்டமாக்கும், கடைசிப் பந்திக்கு வாறோம்." எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும்தான். நான் இலையை விட்டு எழுந்து அவர்களோடு போய் நின்றுகொள்வேன். எங்கள் முறை வரும்போது பாயசம் தீர்ந்திருக்கும்.