எக்ஸ் என்றால் போச்சு

மனைவி தங்கலட்சுமியை விமானம் ஏறவிடுவதில்லை என்று கருத்தப்பாண்டி தீர்மானித்துவிட்டார். வெளிநாட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் போகத்தான் வேண்டும், அது அவருக்கும் தெரியும். ஆனால் மூன்று மாதம் பரளச்சியில் அவருக்கு யார் சோறு பொங்குவது? அவர் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும்.

"போகாதே" என்று சொல்லத் தைரியம் கிடையாது. அந்த நேரம் பார்த்து விசா விண்ணப்பம் அவர் கைக்கே வந்து சேர்ந்தது. பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் அறுபத்தேழு மார்க் வாங்கியவர் அல்லவா!

"ஏங்க, ஏஜெண்டு எல்லாம் எழுதிட்டாரு. கடைசியா ரெண்டு கட்டம் இருக்காம். ஒண்ணுல டிக் போடணுமாம்."

ஒரு கட்டத்தில் 'நார்மல்'. மற்றதில் 'எக்ஸ்பிடைட்டட்'.

இரண்டாவது சொல்லை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதனாலென்ன? அவருடைய இங்கிலீஷ் இலக்கணம் ஊரறிந்தது. எக்ஸில் ஆரம்பித்தால் போச்சு! எக்ஸ் பிரசிடெண்ட் பால்சாமிக்குப் பதவி போச்சு. எக்ஸ்பயரி ஆன மருந்து போச்சு. இதில் டிக் போட்டால் விசா போச்சு. அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"நார்மல்லயே போட்டுருங்க," என்றாள் தங்கலட்சுமி. "அந்த எக்ஸு மட்டும் வேணவே வேணாம்."

"ஏன்?"

"எக்ஸுன்னா போச்சுன்னு நீங்கதான சொல்லுவீக!"

"அட கூறுகெட்டவளே, அது வேற எக்ஸு. இது எக்ஸ்பிரஸ்ல வர்ற எக்ஸு. வெரசா வேலை முடியும்!"

வாய் கூசாமல் புளுகிவிட்டு டிக்கை அழுத்திப் போட்டார். அப்புறம் நான்கு நாள் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்புமாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் விசா வந்துவிட்டது.

"எப்படி வந்துச்சு?"

"வரிசையில நிக்கவிடாம, நம்ம மனுவ முன்னால எடுத்து வெரசா முடிக்கிறதுக்குப் பேருதான் எக்ஸ்பிடைட்டட். நீங்க சொன்னது அப்படியே சரி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மக போன்ல சொல்லிட்டா. நான் அதுல போடச் சொன்னா நீங்க போட்டிருப்பீகளா?"

தங்கலட்சுமி கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இன்னையிலருந்து இந்த அடுப்படிக்கு நான் எக்ஸு."