ஏரிக்காரர் பார்க்காத நீலம்

வீட்டுக்குள் ஏரி வைத்திருக்கும் இனம் ஒன்று உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு பொன்மீனை விட்டுவிட்டு மறந்துபோகிறவரைச் சொல்லவில்லை, அவர் சாது. இவர் வேறு. முன்னறையின் நீளச் சுவரை அடைத்துத் தொட்டி கட்டி, ஆப்பிரிக்க ஏரியொன்றின் மணல்தரையில் மேய வேண்டிய பெரிய சிக்லிட் மீன்களை அதில் விட்டு, சோபாவை நடைவழிக்குத் தள்ளி, டிவியை ஊமையாக்கி, அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கி, பார்க்க வந்த உங்களை வாசலிலேயே நிறுத்தி, "சிவப்புச் சட்டையா? இருங்க, ஒரு துண்டு தர்றேன், போர்த்திக்கிட்டு வாங்க" என்கிறவர். பார்த்திருப்பீர்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே போயும் இருப்பீர்கள்.

நம்மவர் ஓர் அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். ஏரிக்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தது மனைவியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருப்பவன். ஆகவே பெயரை அவர் முதுகுக்குப் பின்னால் மட்டுமே சொல்வான்.

மீன்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாய் நிறைய மணலை அள்ளும். மெல்லும். தின்னக் கிடைத்ததை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் செவுள் வழியே மாவு சலிப்பதுபோல் பொழியும். மறுபடி அள்ளும். பொழுது முழுக்க இதே வேலை. பயந்துவிட்டால் தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து புதைந்துகொள்ளும். அதனால் ஏரிக்காரர் வீட்டில் யாரும் எதையும் பயமுறுத்தக் கூடாது. கதவு விளிம்புகளில் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். விளக்கைச் சட்டென்று போடக் கூடாது. முதலில் நடைவழி விளக்கு, பிறகு மூலை விளக்கு, பிறகுதான் முன்னறை. தும்மல் வந்தால் குளியலறை. கல்லூரியில் படிக்கும் மகள் ஒருமுறை சிரித்தபடி ஓடிவந்ததற்கு அரைமணி நேரம் அறிவுரை கேட்டாள். அதுவும் ரகசியக் குரலில். கத்தித் திட்டினாலாவது சீக்கிரம் முடிந்திருக்கும்.

"தோண்டறது அதுங்க சுபாவம்," என்பார் வந்தவரிடம். "இயற்கைல நாம தலையிடவே கூடாதுங்க." சொல்லிக்கொண்டே சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, கையை அக்குள்வரை தொட்டிக்குள் விட்டு, ஆண்மீன் பகலெல்லாம் பாடுபட்டு மூலையில் தோண்டிவைத்த குழியை ஒரு பிளாஸ்டிக் பலகையால் நிரவிவிடுவார். "தோண்டட்டும். யார் வேணாம்னது? ஆனா ஒழுங்கா தோண்டணுமில்ல?"

இவ்வளவு செய்தவருக்கு ஒரே ஒரு ஆசை. அந்த ஆண்மீன் நீலமாக வேண்டும். சின்னதாக இருக்கும்போது ஆணும் பெண்ணும் வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு ஒன்றுபோலத்தான் இருக்கும். வளர்ந்து, இந்த இடம் என்னுடையது என்ற தைரியம் வந்ததும் ஆண் மைநீலமாக மாறும். விற்ற கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். ஏரிக்காரர் அதை அலுவலகம் முழுக்கச் சொல்லிவைத்தார். மீன் வளர்ந்தது. நீலம் வரவில்லை. தீனியை மாற்றினார், பல்பை மாற்றினார், தண்ணீரில் உப்பு மாற்றினார், மணலையே மாற்றினார். மீன் வெள்ளியாகவே நின்றது. காலையில் பிரிவுக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "என்ன சார், நீலமாச்சா?" கேட்கிறவர்களின் முகத்தில் அக்கறை இருக்கும். அக்கறைக்கு அடியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை இதைக் கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன். வேற ஆண் வாங்கிக்கலாம்."

மகளின் கை தட்டிலேயே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி அவசரமாகத் தண்ணீர் குடித்தான்.

"வேணாம்ப்பா," என்றாள் மகள். "அது நீலமாத்தான் இருக்கு."

"எது?"

"அதேதான். நீங்க ஆபீஸ் கிளம்பினதும் ஆயிடும். தினமும்."

ஏரிக்காரர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மீன் வெள்ளியாக, யாரிடமோ திட்டு வாங்கியதுபோல் மூலையில் நின்றது. மகள் போனை நீட்டினாள். அதில் ஒரு மீன், மசிக்குப்பியைக் கவிழ்த்ததுபோன்ற நீலத்தில், துடுப்பை விரித்து ராஜநடை போட்டுக்கொண்டிருந்தது.

"ஃபில்டர் போட்டு எடுத்திருக்கே."

"தொட்டியில இருக்கற ஃபில்டரா அத்தான்?" என்றான் மைத்துனன்.

"நீ சும்மா இருடா. என் வீட்ல, எனக்குத் தெரியாம, ஒரு மீன் நீலமாகுமா?"

"ஏன், உங்களைக் கேட்டுட்டுத்தான் ஆகணுமா?" என்றாள் மனைவி.

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா லீவு போட்டுட்டு அது பக்கத்துலயே உக்காந்துடுவீங்க."

மறுநாள் சனிக்கிழமை. அவருக்கு மட்டும் அலுவலகம் உண்டு. வழக்கம்போல் கிளம்பினார், தெருமுனை வரை போனார், அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கும் மதிலுக்கும் இடையிலுள்ள சந்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சொந்த வீட்டில் திருடப் போகிறவர்போல் ஒருக்களித்து நடந்து, முன்னறை ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டார்.

டிவி அலறிக்கொண்டிருந்தது. மைத்துனன் மேசைமேல் காலைப் போட்டிருந்தான். மகள், அவர் ஒருநாளும் கண்டிராத ரத்தச் சிவப்பு உடையில், கையில் துடைப்பத்தோடு ஆடிக்கொண்டிருந்தாள். மனைவி துணி மடித்தபடி விசில் அடித்தாள். நல்ல விசில், சுருதி பிசகாத விசில். மகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்தும், மனைவிக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

தொட்டியில் நீலம்.

போனில் பார்த்த நீலம் ஒன்றுமேயில்லை. மூலையில் அண்டா அகலத்துக்கு ஒரு குழி. அதன் நடுவில் கரும்புத் துண்டு போலத் தடித்து, முதுகில் கறுத்து, விலாவில் மின்னி, அந்த மீன் வாய் வாயாக மணலை அள்ளிப்போய் விளிம்பில் துப்பிக் கரை கட்டிக்கொண்டிருந்தது. மகள் ஆடியபடி கண்ணாடியை உரசிக்கொண்டு போனாள். மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரிக்காரர் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டார்.

அப்படியே அங்கே நின்றிருக்கலாம். அவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

டிவி ஊமையானது. கால்கள் மேசையைவிட்டு இறங்கின. துடைப்பம் தரையைக் கூட்டத் தொடங்கியது. மனைவியின் உதடுகள் விசிலின் வடிவத்தில் குவிந்து, பிறகு நேராயின. தொட்டியில் நீலம், கழுவிய பேனாவிலிருந்து மசி வடிவதுபோல் வடிந்தது.

"என்ன, எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்றாள் மனைவி.

அன்று மாலை எல்லாரையும் தொட்டி முன் கூட்டினார். முகத்தில் ஞானம் தெரிந்தது. "தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்றார். மனைவி முதன்முறையாக நம்பிக்கையோடு அவரைப் பார்த்தாள்.

"நான் இருக்கறப்ப இந்த வீட்ல சத்தம் பத்தல."

உத்தரவுகள் வந்தன. மகள் அந்தச் சிவப்பை உடுத்திக்கொண்டு வர வேண்டும். மைத்துனன் காலை மேசைமேல் போட வேண்டும். இடது கால் மேலே, காலையில் இருந்தபடியே. டிவி. துடைப்பம். "நீ விசில் அடி," என்றார் மனைவியிடம். கண்ணாடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு குந்தினார். எல்லாரும் செய்தார்கள். மனைவியின் விசிலில் வெறும் காற்றுத்தான் வந்தது. மகள் மருத்துவர் சொன்ன உடற்பயிற்சிபோல ஆடினாள்.

"சந்தோஷமா ஆடு! இன்னும் சத்தமா சிரிங்க!"

மீன் அவரை ஒருமுறை பார்த்தது. மணலுக்குள் பாய்ந்தது.

"அத்தான்," என்றான் மைத்துனன், காலை இறக்காமலே. "அது உங்களைத்தான் பெரிய ஆண்மீன்னு நினைக்குது. தினமும் கைய விட்டு அது குழிய அழிச்சா வேற என்ன நினைக்கும்?"

ஏரிக்காரர் தன் கையைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போகவில்லை. மனைவி விடவில்லை. "அதை அனுப்பறதுக்குப் பதிலா நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க," என்று ஜன்னலுக்கு வெளியே, சந்தில், ஒரு ஸ்டூலைப் போட்டுக் கையில் டீயும் கொடுத்தாள். அவர் உட்கார்ந்தார். உள்ளே பேச்சு மெல்ல எழுந்தது. சிரிப்பு வந்தது. விசில் வந்தது. மீனின் தொண்டையில் ஒரு கருமை கூடி, முதுகுக்கு ஏறி, உடம்பெல்லாம் இறங்கி நீலமாயிற்று. அது மணலை அள்ளத் தொடங்கியது. இத்தனை நாள் ஏங்கியது கண்ணெதிரே. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

குழியின் இடது கரை லேசாகச் சரிந்திருந்தது.

பொறுத்துக்கொண்டார். உண்மையாகவே பொறுத்துக்கொண்டார். டீ ஆறியது. கரை இன்னும் கொஞ்சம் சரிந்தது. விரல் தானாக எழுந்து ஜன்னலைத் தட்டியது.

"ஏய், இடது பக்கம் சரியுது பாரு, அந்தப் பலகைய எடுத்து…"

நீலம் போயிற்று. விசிலும் போயிற்று.

அவர் திருந்தவே இல்லையா என்று கேட்காதீர்கள். திருந்தினார். இப்போதெல்லாம் ஜன்னலைத் தட்டுவதில்லை. ஸ்டூலில் இருந்தபடியே போனில் கூப்பிட்டுச் சொல்கிறார்.

அலுவலகத்தில் வழக்கமான கேள்வி வந்தபோது தலைநிமிர்ந்து, "ஆச்சு. ஆனா நான் அங்க இல்லாதப்பதான் ஆகுது," என்றார். "எங்களுக்கும் அப்படித்தான் சார்," என்றது ஒரு குரல். யாருடைய குரல் என்று பார்ப்பதற்குள் பிரிவு முழுவதும் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

உங்கள் வீட்டில் தொட்டி கிடையாது, தெரியும். உங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும், இன்று வீடு திரும்பும்போது கதவுக்கு வெளியே சற்று நில்லுங்கள். உள்ளே பேச்சும் சிரிப்புமாகக் கேட்கிறதா? நல்லது. இப்போது சாவியைப் போடுங்கள்.