சுண்ணாம்பு அண்ணையும் இரண்டு சோடியும்

எங்கள் முல்லைத்தீவுக் கரையில் சுண்ணாம்பு அண்ணை சூத்திரம் எழுதாத சுவரே கிடையாது. வெள்ளை அடிக்க வந்தால் முதலில் கரித்துண்டால் சுவர் முழுக்க இரசாயனம் எழுதிப் படிப்பார். பிறகு கரி தெரியாமலிருக்க மூன்று பூச்சுப் பூசுவார். அதனாலேயே அவருக்கு அப்படிக் கிராக்கி!

நாற்பத்து நாலு வயதில் அவர், பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை கிடைக்க விஞ்ஞானம் சித்தியடைய வேண்டும். மூன்று தரம் தவறிவிட்டது. வயதெல்லைப்படி இனி ஒரேயொரு தரம்தான்.

அந்த வருட நத்தார்ப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வந்தார். மத்தியானம் என் மனைவி கஞ்சி கொடுத்தாள்.

"தங்கச்சி, சோடியம் குளோரைட்டு காணாது."

"உப்பு எண்டு கேளுங்கோவன் அண்ணை! கிணத்துக்குப் போடுறது குளோரின், கஞ்சிக்குப் போடுறது குளோரைட்டோ?"

"ஓம் பிள்ளை. தனிய நிண்டால் குளோரின். சோடியத்தைக் கட்டினால் குளோரைட்டு. சோடியத்துக்குப் பேர் மாறாது."

"அப்ப சோடியம் ஆம்பிளைதான்!"

அண்ணைக்கு உற்சாகம் தாங்கவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு ஓடிப்போய், மாதா படத்துக்குக் கீழே பெரிதாக எழுதினார்: CaOH₂.

"கல்சியம் ஐதரொட்சைட்டு! நான் அடிக்கிற இந்தச் சுண்ணாம்புதான். O புருசன், H பெண்சாதி. எங்க போனாலும் சோடியாத்தான் போவினம். கல்சியத்துக்கு ரெண்டு கை, அப்ப ரெண்டு சோடியைக் கூப்பிடோணும்."

மனைவி இடுப்பில் கைவைத்துச் சுவரைப் பார்த்தாள்.

"அண்ணை, அந்த ரெண்டு ஆருக்கு?"

"பக்கத்தில நிக்கிற H-க்கு."

"அப்ப ஒரு புருசனுக்கு ரெண்டு பெண்சாதியோ? அதுவும் மாதா படத்துக்குக் கீழ! அழியுங்கோ, அழியுங்கோ!"

அண்ணை சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ தங்கச்சி! புத்தகத்தில சோடியைச் சுத்தி வேலி மாதிரி ஒரு அடைப்பு இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கினம் எண்டெல்லோ நினைச்சனான்! மூண்டு தரமும் வேலியில்லாமத்தான் எழுதினனான்!"

அழித்து எழுதினார்: Ca(OH)₂. வேலிக்குள் சோடி, வெளியே இரண்டு. பிறகு மகனீசியம், அலுமினியம் என்று வீடு முழுக்க வேலி அடைத்தார். உப்பில் நின்ற குளோரைட்டையும் அடைக்கப் போனவரை மனைவிதான் தடுத்தாள்.

"அது தனியாள் அண்ணை, பாவம், விடுங்கோ."

அன்று வெள்ளை அடிபடவேயில்லை!

பரீட்சைக்கு முன் நாங்கள் ஒன்பது நாள் நவநாள் செபித்தோம். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். எனக்குத் தெரிந்தபடி, "மாதாவே, அண்ணை வேலியை மறக்கக்கூடாது" என்று மன்றாடினேன். கேட்டுக்கொண்டிருந்த பங்குத்தந்தை, "என்ன, காணிப் பிணக்கோ?" என்றார்.

முடிவு வந்த அன்று தெருமுனையிலேயே சைக்கிள் மணி அலறியது. "தங்கச்சி! சித்தி! விஞ்ஞானம் சித்தி!" சைக்கிளை நிறுத்தவும் மறந்து எங்கள் வேலியிலேயே வந்து மோதினார்.

இப்போது ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலை. எங்கள் வீட்டுக்கு வேறு ஆள்தான் வெள்ளை அடிக்கிறார், ஒரே ஒரு பூச்சு.

அண்ணையின் சொந்தப் பெயரை இன்றுவரை நான் கேட்கவில்லை. இரவுச் செபமாலையில் "சுண்ணாம்பு அண்ணைக்காக" என்றுதான் சொல்கிறோம். மாதாவுக்கு ஆளைத் தெரியும்.