கிழக்கே போகாமல் கடலுக்குப் போன கதை

ஒரே ஒரு தடவை பட்டணம் போய் வந்தவனைப் போல ஆபத்தான வழிகாட்டி உலகத்தில் கிடையாது. போகவே போகாதவன் நாலு பேரிடம் வழி கேட்பான். அடிக்கடி போகிறவனுக்கு வழி தெரியும். ஒரு தடவை போனவன் மட்டும்தான் யாரையும் கேட்கமாட்டான். நானும் கேட்கவில்லை.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். மனைவி நல்லம்மாள் வெண்ணந்தூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் நான் அவளுக்கு வாரி வழங்கிய வாக்குறுதிகள் ஏராளம் (கிராமபோன், கல் வைத்த மூக்குத்தி, மாடி வீடு). ஒன்றும் வந்து சேரவில்லை. அதனால்தான் மாமனார், மாமியாரோடு சென்னைப் பட்டணம் புறப்பட்ட அன்று, ரயிலில் வைத்தே அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கடல்ல காலை நனைக்க வெச்சீங்கன்னா, இனிமேலு நீங்க சொல்றதையெல்லாம் நம்பறேனுங்க. இல்லீன்னா இந்த ஜென்மத்துக்கு நம்பமாட்டேன்.”

“இதென்ன பிரமாதம்?” என்றேன். பட்டணத்தில் கடலைக் காட்டுவது ஒரு காரியமா!

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏறினோம். திங்கள் காலையில் சென்ட்ரலில் இறங்கி, பக்கத்துச் சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டுக் கட்டுச்சோற்றையும் முடித்தோம். கை கழுவிக்கொண்டே மாமனார் சாதாரணமாகக் கேட்டார்.

“ஏனுங்க மாப்ளே, கடலு எந்தத் திக்குங்க?”

“கிழக்கேதானுங்க மாமா” என்றேன் பெருமையாக. ஏதோ நானே வெட்டி வைத்ததைப் போல.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்குத் திங்கக்கெழமை. கெழக்க சூலமுங்க.”

சூலம் இருக்கிற திசையில் மாமனார் பக்கத்துக் காட்டுக்குக்கூடப் போகமாட்டார். ஒரு தடவை மீறிப் போய்ச் சந்தையில் வாங்கிய எருது, வீடு வந்து சேருமுன்பே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம். அதற்குப் பிறகு அவருக்கும் சூலத்துக்கும் இடையே யாரும் புகுந்ததில்லை.

“துளி தயிரை வாயில போட்டுட்டுப் போனாத் தோசமில்லீங்களே?” என்றார் மாமியார்.

“பரிகாரமெல்லாம் அவசரத்துக்கு. கடலு என்ன கயித்தை அறுத்துட்டு ஓடவா போகுது? நாளைக்குப் பாப்போம்.”

நல்லம்மாள் என்னைப் பார்த்தாள். வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு மட்டும் எட்டிப் பார்த்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. அவளிடம் தோற்பதைவிடச் சாகலாம் என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் நான்தான் முதல். அந்த ஞானம் பொங்கி எழுந்தது. “மாமா, நம்ம நாடு தீபகற்பமுங்க. மூணு பக்கமும் கடலு. கிழக்கே போகவே வேண்டாம். தெற்கேயோ மேற்கேயோ போனாலும் கடலு வந்தே தீருமுங்க!”

மாமனார் யோசித்தார். “படிச்ச மாப்ளே சொன்னாச் சரிதானுங்க” என்று எழுந்தார். (திட்டத்தில் இன்றுவரை நான் ஒரு குற்றமும் காணவில்லை. தூரத்தைத்தான் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.)

ஜட்கா ஒன்று பிடித்தோம். ஆனால் பட்டணத்து ரோடுகளுக்கு வாரசூலம் தெரியவில்லை. அவை நினைத்த பக்கமெல்லாம் வளைந்தன. மாமனாரோ தலையை வெளியே நீட்டிச் சூரியனைப் பார்த்தபடியே வந்தார். வண்டி கொஞ்சம் கிழக்கே சாய்ந்தால் போதும், “நிறுத்து சாமி! கெழக்க திரும்புது!” என்று கத்துவார். குதிரை முன்னங்காலைத் தூக்கும். மாமியார் என் மேல் விழாமல் இருக்க முருகனைக் கூப்பிடுவார்.

கடைசியில் வண்டிக்காரர் குதித்து இறங்கினார். “இன்னா சாமி இது? கடலுக்குப் போவணும், ஆனா கடல் பக்கம் போவக்கூடாதா? நம்ம குதிரைக்கு அவ்ளோ படிப்பு கெடையாது. எறங்குங்க!”

இறங்கி நடந்தோம். கிழக்கைத் தவிர மற்ற எல்லாத் திசையிலும் நடந்தோம். மியூசியம், மிருகக்காட்சிசாலை, உயர்ந்த கட்டடம் எதையும் பார்க்கவில்லை. பட்டணத்தின் முதுகுப்புறம் முழுவதையும் பார்த்தோம். மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது. வெயில் தாழும் நேரத்தில், தென்னை மரங்களுக்கு நடுவே பளபளவென்று தண்ணீர் தெரிந்தது.

“கடல்!” என்று கூவினேன்.

முதல் கணம் நானே நம்பினேன். அடுத்த கணம் அக்கரை கண்ணில் பட்டது. அதற்கும் அடுத்த கணம் தன்மானம் குறுக்கே வந்து நின்றது.

மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “நம்ம பனமரத்துப்பட்டி ஏரியே இதைவிடப் பெருசுங்களே மாப்ளே?”

“இது கடலோட ஓரமுங்க மாமா.”

“அலையைக் காணோமே?”

“சாயங்காலமானா அடங்கிருமுங்க.”

அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஓர் எருமை எழுந்து, மூக்கால் ஒரு சத்தம் விட்டு, எங்களைப் பார்த்தது. கடலில் எருமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

நல்லம்மாள் மட்டும் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கினாள். குனிந்து, ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். நிதானமாகச் சப்புக்கொட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, உப்பே இல்லீங்களே” என்றாள்.

பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, “இது நுங்கம்பாக்கத்து ஏரிம்மா” என்றார். மாமனார் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மாமியார் வீங்கின காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்படியே எருமைக்குப் பக்கத்தில் போய் மூழ்கிவிடலாம் போலிருந்தது.

மறுநாள் கடலுக்குப் போனோம். அத்தனை பெரிய அலை முழங்கால்வரை அடித்தும், நல்லம்மாள் முதலில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டினாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு இதே பரீட்சைதான். மழை வரும் என்றாலும் சரி, கடலை விலை ஏறும் என்றாலும் சரி, “உப்பு இருக்குதுங்களா?” என்ற கேள்வி வரும். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து வந்து, “பையன் தங்கம். நான் சொல்கிறேன்” என்றபோதும் நல்லம்மாள் அதையே கேட்டாள். என்னை நம்பாமல், தன் அண்ணனை அனுப்பி ஊரெல்லாம் விசாரித்தாள். கல்யாணமும் நடந்தது. ஒரு வருஷம் கழித்து மகள் சிரித்த முகமாக பிரசவத்துக்கு வந்து இறங்கிய அன்று, நல்லம்மாள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“இந்த வாட்டி கடலேதானுங்க.”