கருணை ஏரியில் முதல் கை

ராஜாவைக் கம்பெனி நியமித்ததா, கம்பெனியை ராஜா நியமித்தாரா என்று யாருக்கும் சரியாகத் தெரியாத நாடு ஒன்று இருந்தது. அங்கே சாயக் கம்பெனியின் கழிவு விழுந்து ஏரி கறுத்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வடிவாம்பாளின் இரண்டு எருமைகள் செத்தன. மிஞ்சிய ஒன்றும் எழுந்து நிற்க யோசித்தது. கழிவை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவள் அரண்மனையில் முறையிட்டாள்.

உடனே ஆணை பிறந்தது: கழிவு என்ற சொல்லை இனி யாரும் உச்சரிக்கக் கூடாது, அது 'மண்ணுக்குத் திரும்ப அளித்தல்'. மீன்கள் செத்து மிதந்தபோது, 'மீன்களுக்கு ஓய்வுத் திட்டம்' என்று கரையில் பலகை நட்டார்கள். கடைசியில் ஏரிக்கே 'கருணை ஏரி' என்று பெயர் சூட்டக் கம்பெனி முன்வந்தது.

வடிவாம்பாளுக்கு அப்போதுதான் ஒரு நப்பாசை. நீர்நிலைக்குப் பெயர் வைக்கிறவர் ஊரார் முன்னால் முதல் கை நீரை அள்ளிக் குடிக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். குடிக்கப்போகிறவன் சுத்தம் செய்யாமலா விடுவான்?

"பேர் வைக்கட்டும், தாராளமா வைக்கட்டும்" என்று எருமையின் காதில் சொன்னாள்.

விழாவில் கம்பெனி மேலாளர் சுகிர்தராயர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, இந்த ஏரி தன் தாய் என்று உருகினார். ஏரியோ அப்படியே கறுப்பாகத்தான் கிடந்தது. வடிவாம்பாள் துலக்கிய செம்பில் நீரை மொண்டு நீட்டினாள்.

"குடிங்க சாமி. பேரு நெலைக்கணுமில்ல."

மேலாளர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி கனைத்துக்கொண்டார்.

"அம்மா, முதல் கை என்பது பெரும் பாக்கியம். அதைத் தானே அனுபவிக்கக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. குடிமக்களுக்கே அர்ப்பணிக்கிறது."

கூட்டம் கைதட்டியது. அப்புறம்தான் விஷயம் புரிந்து, தட்டிய கைகள் பாதியில் நின்றன.

"அவ்வளவு பாக்கியம் எனக்கு எதுக்குங்க? பெரியவங்க நீங்களே வச்சுக்கங்க."

"பார்த்தீர்களா?" என்றார் மந்திரி மிகுந்த வேதனையோடு. "கம்பெனி தன் பொறுப்பை நிறைவேற்றிவிட்டது. மக்களிடம்தான் பொறுப்பில்லை."

அன்று மாலையே பொறுப்பின்மைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி வடிவாம்பாளின் கடைசி எருமையை ஜப்தி செய்தார்கள். அதைக் கம்பெனி தத்தெடுத்து, மாலை போட்டு, அரண்மனைச் சுவரில் படமாக வரையச் சொன்னது. படம் முடியுமுன்பே எருமை செத்தது. அதனால் என்ன, படத்தில் அது நீலநிற ஏரியில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது.

வடிவாம்பாள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நீலம் நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க?"

"கம்பெனிச் சாயம், அன்பளிப்பு" என்றார் ஓவியர் பெருமையாக.

"தூரிகைய எங்க கழுவுனீங்க?"

ஓவியர் ஏரி இருந்த பக்கம் திரும்பாமல், எருமைக்கு இன்னொரு பூ வரையத் தொடங்கினார்.